ஒரு தட்டு, ரெண்டு தட்டு, மூணு தட்டு

இராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்னும் ஊரில், எங்கள் தெருவுக்கு ரமலான் நோன்பு மாதத்தில் ஒரு பக்கீர் பாவா வருவார். நோன்பு வைப்பவர்கள் விடியலுக்கு முன் எழுந்து உண்ணும் சகர் நேரத்தில், கடல் இரைச்சலைத் தவிர வேறொன்றும் கேட்காத வேளையில், தெருக்கோடியில் தொடங்கும் அவருடைய தப்ஸ் என்னும் கைப்பறையின் ஓசை ஒவ்வொரு வாசலாக நெருங்கி வந்து, எங்கள் வீட்டைக் கடந்து, பள்ளிவாசல் திருப்பத்தில் தேய்ந்து மறையும். என் மகளுக்கு அப்போது ஏழு மாதம். பல் முளைக்கும் வேதனையில் இரவெல்லாம் தூங்காமல் அழுதுகொண்டிருந்தாள். அப்படி ஓர் இரவில், மனைவியைத் தூங்கச் சொல்லிவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தேன். பாவா வந்தார். அழுகை நின்றது. தோளில் துவண்டு கிடந்த தலை நிமிர்ந்தது. என் நெஞ்சோடு அழுந்தியிருந்த இரண்டு முழங்கால்களும் மெல்ல உந்தத் தொடங்கின. அந்த உந்தல் தப்ஸின் தட்டோடு பொருந்தவில்லை என்றாலும், தட்டு நின்றபோது நின்றது, தட்டு மீண்டும் எழுந்தபோது எழுந்தது. நான் என் நடையை அந்தத் தட்டுக்கு மாற்றிக்கொண்டேன். பாவா திருப்பத்தில் மறைந்த பிறகும், முற்றத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை அதே நடையை வெகுநேரம் நடந்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்து ஆடியது அன்றுதான் முதல்முறை.

அவளுக்கு இந்த ஆவணியில் மூன்று வயது நிறைகிறது. பாட்டும் ஆட்டமும் எங்கள் வீட்டுக்குள் எப்படி நுழைந்தன என்பதை, அவை நினைவில் இருக்கும்போதே எழுதிவைத்துவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். பிள்ளை பெற்ற நண்பர்கள் பலர், எந்த வயதில் பாட்டு வகுப்பில் சேர்க்கலாம், கைப்பேசியில் எதைப் போட்டுக்காட்டலாம் என்றெல்லாம் கேட்கிறார்கள். அவர்கள் எல்லாருக்கும் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: பிள்ளையை ஆடவைத்து வேடிக்கை பார்க்காதீர்கள், எழுந்துபோய்க் கூட ஆடுங்கள்.

அன்றிரவு நான் கண்டது என் பிள்ளைக்கு மட்டும் வாய்த்த அதிசயம் அன்று என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மார்செல் சென்ட்னர், டூமாஸ் ஈரோலா என்னும் இரண்டு ஆய்வாளர்கள், ஐந்து மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள 120 குழந்தைகளுக்கு இசையையும் தாள ஒலிகளையும் பேச்சையும் கேட்கவைத்து, தாங்கள் கண்டதை 2010இல் வெளியிட்டார்கள். பேச்சைக் காட்டிலும் இசைக்கும் தாளத்துக்கும்தான் குழந்தைகள் மிகுதியாகக் கை கால்களை அசைத்தார்கள். அசைவு தாளத்தோடு ஓரளவு கூடிவந்த குழந்தைகள் மிகுதியாகச் சிரிக்கவும் செய்தார்கள். அந்த வயதில் உடம்பு தாளத்துக்குத் துல்லியமாகக் கட்டுப்படுவதில்லை. ஆனால் ஆட வேண்டும் என்ற விருப்பம் முன்னதாகவே வந்துவிடுகிறது.

இதற்கும் முந்தைய ஓர் ஆய்வுதான் என்னை மிகவும் யோசிக்கவைத்தது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெசிக்கா பிலிப்ஸ்-சில்வரும் லாரல் டிரெய்னரும் செய்து 2005இல் வெளியிட்டது அது. எந்த இடத்திலும் அழுத்தம் விழாத ஒரே தாளத்தை ஒலிக்கவிட்டு, ஏழு மாதக் குழந்தைகளில் சிலரை இரண்டு தட்டுக்கு ஒருமுறையும், சிலரை மூன்று தட்டுக்கு ஒருமுறையும் கையில் ஏந்தித் துள்ளவைத்தார்கள். பின்னர் அதே தாளத்தை அழுத்தம் சேர்த்து ஒலிக்கவிட்டபோது, தாங்கள் எந்தக் கணக்கில் துள்ளினார்களோ அந்தக் கணக்கில் அழுத்தம் விழுந்த தாளத்தையே குழந்தைகள் அதிக நேரம் விரும்பிக் கேட்டார்கள். கண்ணைக் கட்டித் துள்ளவைத்தபோதும் முடிவு மாறவில்லை. ஆனால், தாம் துள்ளாமல் பிறர் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த குழந்தைகளிடம் அந்த விருப்பம் தென்படவில்லை. தாளம் காதின் வழியாக மட்டும் ஏறுவதில்லை. தூக்கி வைத்திருப்பவரின் உடம்பு வழியாகவும் பிள்ளையின் உடம்புக்குள் இறங்குகிறது.

இதைப் படித்த நாளிலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு விளையாட்டு தொடங்கியது. பள்ளிப் பருவத்தில் நான் கொஞ்சகாலம் மிருதங்கம் கற்றேன். இராமநாதபுரத்தின் பெயரைத் தம் பெயரோடு சுமந்த சி.எஸ். முருகபூபதியின் வாசிப்பைக் கேட்டுக் கேட்டு எழுந்த ஆசை அது. கற்றது கொஞ்சம்தான் என்றாலும் சொற்கட்டு மறக்கவில்லை. மகளை மடியில் இருத்தி, ‘தகிட தகிட’ என்று சொல்லி மூன்றுக்கு ஒருமுறை முழங்காலைத் தூக்குவேன். பிறகு ‘தகதிமி தகதிமி’ என்று நான்குக்கு ஒருமுறை தூக்குவேன். ஒன்பதாவது மாதத்தில் ஒருநாள், மூன்றிலிருந்து நான்குக்கு நான் முன்னறிவிப்பில்லாமல் மாறியபோது, அவள் உடனே அசைவை நிறுத்தி, திரும்பி, என் வாயையே உற்றுப் பார்த்தாள். ஏதோ மாறிவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. என் உதட்டில் ஒரு விரலை வைத்தாள். மறுபடியும் ‘தகிட’ என்றேன். சிரித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும், நான் பள்ளி வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே, தவழ்ந்துவந்து என் முழங்காலைத் தட்டுவாள்.

நம் முன்னோர்கள் இதையெல்லாம் அறிந்திருந்தார்கள் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. பிள்ளைத்தமிழின் பருவங்களை அடுக்கிப் பாருங்கள். ஐந்தாம் மாதத்தில் கையையும் முழங்காலையும் ஊன்றித் தலையெடுத்து ஆடுவது செங்கீரை. நாவசைத்துத் தாலாட்டுக் கேட்பது தால். ஒன்பதாம் மாதத்தில் இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுவது சப்பாணி. வளர்ந்த ஆண்பிள்ளை சிறிய பறையை முழக்குவது சிறுபறை. பெண்பிள்ளை ஊஞ்சலாடுவது ஊசல். பிள்ளை வளர்வதை நம் புலவர்கள் எடையாலும் உயரத்தாலும் அளக்காமல், அது எதற்கு ஆடுகிறது, எதைத் தட்டுகிறது என்பதைக் கொண்டு அளந்திருக்கிறார்கள். சப்பாணி கொட்டும்படி வேண்டுகிற குரல் பாடிக்கொண்டே வேண்டுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அங்கே பாடுகிறவர் விலகி உட்கார்ந்து பார்ப்பவர் அல்லர்.

என் தாயார், அதாவது மகளின் அப்பத்தா, பிள்ளைத்தமிழ் படித்தவர் அல்லர். ஆனால் அந்த வரிசை அவருக்கு மனப்பாடம். பேத்தி தலை நின்ற நாளில் சாய்ந்தாடச் சொல்லும் பாட்டு வந்தது. உட்கார்ந்த நாளில் கைவீசச் சொல்லும் பாட்டு வந்தது. முதல் வாத்தியத்தைச் செய்து கொடுத்தவரும் அவர்தான். பனங்குருத்து ஓலையைக் கிழித்து, நனைத்து, மடித்து மடித்து முடைந்த ஒரு கிலுகிலுப்பை. நான் சிறுவனாக இருந்தபோது அவர் அதற்குள் குன்றிமணி போடுவார். இப்போது கடற்கரையிலிருந்து பொறுக்கிய சிறிய கற்களைக் கழுவிக் காயவைத்துப் போட்டார். குன்றிமணியின் உள்ளே இருப்பது கொடிய நஞ்சு, ஓலை பிய்ந்து விதையைப் பிள்ளை கடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று நான் எடுத்துச் சொன்னதை அவர் மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். கல்லும் பிள்ளையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளக் கூடியதுதான் என்பதால், அந்தக் கிலுகிலுப்பையை எங்களில் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டுமே அவள் கையில் கொடுத்தோம். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கிலுகிலுப்பைகள் வீட்டில் நான்கைந்து கிடந்தன. அவற்றின் ஓசை எல்லாம் ஒன்றுபோலவே இருந்தது. ஓலைக்குள் கல் உருளும் ஓசையோ, மெல்ல ஆட்டினால் ஒருவிதமாகவும் வேகமாக ஆட்டினால் வேறுவிதமாகவும் இருந்தது. தன் கை செய்கிற வேலைக்குத் தக்கபடி ஓசை மாறுகிறது என்பதை அவள் கண்டுகொண்டது அந்த ஓலையில்தான்.

சென்ற ஆண்டு மீன்பிடித் தடைக்காலத்தில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. இயந்திர ஓசை அடங்கிப்போன அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தனுஷ்கோடி போகும் சாலையில் முகுந்தராயர் சத்திரத்துக்கு அருகே கரைவலை இழுப்பதைக் காட்ட மகளை அழைத்துச் சென்றேன். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டு, வள்ளம் கடலுக்குள் அரைவட்டமாக வலையை விட்டுக்கொண்டே போய், மறுதலைப்பை வெகுதூரம் தள்ளிக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. இரண்டு தலைப்பிலும் இரண்டு கூட்டம் நின்று இழுக்கிறது. இழுக்க இழுக்க இரு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கிவர வேண்டும்; ஒரு பக்கம் முந்தினால் வலை கோணிவிடும். எல்லாருடைய பலமும் ஒரே நொடியில் விழ வேண்டுமென்றால் அதற்குப் பாட்டு வேண்டும். அதைத்தான் அம்பா என்கிறார்கள். ஒரு பெரியவர் முதலடியை எடுத்துக் கொடுக்கிறார். மற்றவர்கள் பதில் குரல் கொடுக்கிற அந்த இடத்தில்தான் கயிறு இழுபடுகிறது. முதலடி மூச்சு வாங்குவதற்கு, பதிலடி இழுப்பதற்கு. கைப்பேசியில் பாட்டை ஒலிக்கவிட்டுக்கொண்டு இழுப்பவர்களையும் இக்கரையில் பார்த்திருக்கிறேன். அதில் இழுப்புக்கும் பாட்டுக்கும் உறவு இருப்பதில்லை.

மகள் முதலில் என் கால்களைக் கட்டிக்கொண்டு நின்றாள். இழுப்பவர்கள் எல்லாரும் உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலை மணலில் புதைத்து, ஓரடி பின்வாங்குகிறார்கள். வரிசையின் கடைசியில் இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டுத் தண்ணீர் விளிம்புக்கு நடந்து போய் முதல் ஆளாகப் பிடித்துக்கொள்கிறார். இதைச் சற்று நேரம் பார்த்தவள், என் காலை விட்டுவிட்டு, வெறும் காற்றில் இரண்டு கைகளையும் நீட்டிப் பற்றி, பின்னால் சாய்ந்து, பொத்தென்று மணலில் உட்கார்ந்தாள். எழுந்தாள், மறுபடியும் சாய்ந்தாள். பாட்டெடுத்த பெரியவர் அவளைப் பார்த்துவிட்டார். ‘வா தாயி, நீயும் ஒரு கை புடி’ என்று கயிற்றின் வாலைக் காட்டினார். நான் அவளுக்குப் பின்னால் நின்று, அவள் கையின்மேல் என் கையை வைத்துக் கயிற்றைப் பிடித்தேன். கயிறு ஈரமாக, உப்புப் பூத்து, என் உள்ளங்கையே உறுத்தும்படி இருந்தது. பதில் குரல் எழுந்தபோதெல்லாம் அவள் முதுகு என் வயிற்றில் வந்து சாய்ந்தது. நான்காவது ஐந்தாவது இழுப்பில், குரல் எழுவதற்கு ஒரு கணம் முன்பாகவே அவள் மூச்சை இழுத்து நிறுத்துவதை உணர்ந்தேன். அடுத்து வரப்போவதை அவள் உடம்பு எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டது. தாளம் என்பதன் உயிர்நிலை அந்த எதிர்பார்ப்பில்தான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

வலையின் மடி கரையேறியபோது அதில் சாளையும் காரலும் கொஞ்சம் துள்ளின. பெரியவர் ஒரு கை அள்ளி, ‘இது உன் பங்கு’ என்று அவளிடம் நீட்டினார். வீட்டுக்கு வந்து அவள் எல்லாரிடமும் சொன்னது மீனைப் பற்றி அன்று. ‘தாத்தா கூட நானும் பாடுனேன்’ என்றாள். அவள் பாடவே இல்லை, இழுக்க மட்டும்தான் செய்தாள். அவளுக்கு அவை இரண்டும் வேறு வேறாக இல்லை. அதே லாரல் டிரெய்னர் பிற்பாடு லாரா சிரெல்லி முதலியோரோடு செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பதினான்கு மாதக் குழந்தைகளை ஒரு புதியவரோடு எதிரெதிரே, ஒரே தாளத்தில் துள்ளவைத்தால், பிறகு அந்த நபர் பொருளைத் தவறவிடும்போது குழந்தைகள் எடுத்துக்கொடுத்து உதவுவது கூடுகிறது. தாளம் பொருந்தாமல் துள்ளியவர்களுக்கு அத்தனை உதவி கிடைப்பதில்லை. இப்போதும் நாங்கள் அந்தப் பக்கம் போனால், தூரத்தில் கயிறு இழுப்பவர்களைப் பார்த்தவுடன் இவள் என் கையை உதறிவிட்டு ஓடுகிறாள்.

ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். பக்கத்து ஊர் ஒன்றில் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தோம். கரகமும் நையாண்டி மேளமும் நன்றாக இருந்தன. ஆனால் அவற்றுக்குப் பிறகு, ஆள் உயரப் பெட்டி ஒலிபெருக்கிகளை அடுக்கி வைத்துத் திரைப்பாட்டுப் போட்டார்கள். நாங்கள் பெட்டிக்கு மிக அருகில் இருந்தோம். மகள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு என் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியேற மனமில்லாமல், பழகிவிடும் என்று எண்ணி, பத்து நிமிடம் அங்கேயே நின்றேன். அப்படி நின்றிருக்கக் கூடாது. கைப்பேசி, காதில் மாட்டும் ஒலிக்கருவி போன்றவற்றில் இசை கேட்பதற்காக உலக சுகாதார நிறுவனம் 2019இல் வகுத்த நெறியில், குழந்தைகளுக்கான அளவு 75 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகக் குறையும். அந்தக் கணக்கில் 90 டெசிபலுக்கு வாரத்துக்கு ஒன்றேகால் மணி நேரம்தான். 100 டெசிபல் என்றால் ஏழெட்டு நிமிடத்திலேயே ஒரு வாரத்துக்கான அளவு தீர்ந்துவிடும். நெஞ்சுக்கூடு அதிரும் அளவுக்கு ஓசை எழும் இடத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஒருபோதும் நிற்காதீர்கள். காதைப் பொத்துகிற பிள்ளை அடம்பிடிக்கவில்லை, தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு இரண்டு மாதம்வரை மேளச் சத்தம் தூரத்தில் கேட்டாலே அவள் உள்ளறைக்கு ஓடினாள்.

திரைகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வயதுவரை காட்டவில்லை. இப்போதும் பாட்டுக் கேட்பதற்கு வானொலிதான். ஆனால் திரையின் இன்னொரு பக்கத்தில் நாங்கள் வழுக்கிவிட்டோம். அவள் ஆடும்போதெல்லாம் படமெடுக்கத் தொடங்கினோம். உறவினர் வீட்டுக்குப் போனால், ‘எங்கே, அன்னைக்கு ஆடுனியே, அத்தைக்கு ஆடிக்காட்டு’ என்று நிறுத்திவைத்தோம். அவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். ஆடினாலும் கண்கள் எங்கள் முகங்களிலேயே இருக்கும். திண்ணையில் என் முழங்கால்மேல் இருந்தபோது அவளிடம் இருந்த மூச்சு அங்கே இருப்பதில்லை. அந்த வித்தியாசத்தை முதலில் கண்டவர் என் தாயார்தான். ‘புள்ளைய ஆடச் சொல்லிட்டு நீங்க எல்லாம் கையக் கட்டிக்கிட்டு உக்காந்தா அது எப்படிடா ஆடும்?’ என்று கேட்டுவிட்டு, எழுபது வயதில் எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பேத்தியின் எதிரில் நின்று ஒரு தட்டுத் தட்டினார். அறையில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அது கும்மியாகிவிட்டது. மகள் நடுவிலும் இல்லை, ஓரத்திலும் இல்லை, வட்டத்தில் ஓர் ஆளாக இருந்தாள்.

கும்மிதான் பிள்ளைகளுக்கு ஏற்ற ஆட்டம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. வட்டத்தில் முன்னும் பின்னும் கிடையாது. வாத்தியம் வேண்டாம், கையே வாத்தியம். ஒரு தட்டு, ரெண்டு தட்டு, மூணு தட்டு என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும். மூன்று தட்டு வராத பிள்ளை ஒரு தட்டோடு நின்றுகொள்ளலாம், தாளம் கெடாது. நடை மெதுவாகத் தொடங்கி மெல்ல மெல்ல விரைவதால், சின்னக் கால்களுக்குப் பழகிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. ஆட்டத்தின் நடுவே களைத்தால் யாராவது இடுப்பில் தூக்கிக்கொள்வார்கள், அப்போதும் ஆட்டம் நிற்பதில்லை; இடுப்பில் இருந்தபடியே அது தொடர்கிறது.

இந்த ஆடியில் எங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போட்டார்கள். மண்சட்டியில் வைக்கோலும் எருவும் பரப்பி, தட்டைப்பயறும் பாசிப்பயறும் மொச்சையும் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்து, ஒவ்வோர் இரவும் பெண்கள் கூடிக் கும்மி கொட்டுவார்கள். கும்மிச் சத்தம் கேட்டால்தான் முளை எழும்பும் என்பது நம்பிக்கை. மகள் முளைப்பாரி வீட்டுக்குள் எட்டிப்பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று வேண்டும் என்று அழுதாள். அப்பத்தா ஒரு கொட்டாங்கச்சியை எடுத்து, மண்ணும் எருவும் நிரப்பி, ஒரு பிடி பாசிப்பயற்றைத் தூவி, அடுக்களை மூலையில் வைத்துக் கூடையால் கவிழ்த்தார். அன்று முதல் ஒவ்வோர் இரவும் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் அடுக்களையில் கும்மி நடந்தது. அப்பத்தா பாடுவார், என் மனைவி பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு ஈரக்கையோடு வந்து சேர்ந்துகொள்வாள், மகள் ஒரு தட்டுப் பிந்தித் தட்டுவாள். மூவரும் கூடையைச் சுற்றி வருவதைப் பார்க்க அத்தனை அழகாக இருந்ததால், இத்தனையும் எழுதுகிற நான், நிலைப்படியில் சாய்ந்து கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் இரவு அப்பத்தா கூடையைத் தூக்கினார். வெயில் காணாத முளைகள் வெளிர்மஞ்சளாக, ஒரு விரல் நீளத்துக்கு மேல் எழும்பி நின்றன. ஆனால் நிலைப்படியை ஒட்டிய பக்கத்தில் மட்டும் அவை கட்டையாக, ஒன்றிரண்டு இன்னும் தோல்கூட உரியாமல் இருந்தன. மகள் குந்தி உட்கார்ந்து அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

‘அப்பா, இந்தப் பக்கம் நீ தட்டவே இல்ல. அதான் வளரல.’

எழுந்து வந்து என் கையிலிருந்த கைப்பேசியை வாங்கி அஞ்சறைப் பெட்டியின்மேல் வைத்தாள். என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் நிலைப்படிப் பக்கம் நிறுத்தி, என் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிராகத் திருப்பி வைத்தாள். ‘ஒரு தட்டு மட்டும் போதும்ப்பா’ என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். அப்பத்தா பாட்டை முதலிலிருந்து எடுத்தார்.